செட்டு மாத்திரையும் ஒரு சின்ன வளையமும்

கோரிப்பாளையத்திலும் பனகல் சாலையிலும் மருந்துக்கடைகளில் நிற்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

பெரியாஸ்பத்திரியை ஒட்டி வரிசையாக இருக்கும் உங்கள் கடைகளுக்கு மதுரைக்காரர்கள் மட்டும் வருவதில்லை. மேலூர், உசிலம்பட்டி, சிவகங்கை, பரமக்குடி, அருப்புக்கோட்டை என்று நாலா பக்கமிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்கள் உள்ளே இருக்கும் நோயாளிக்கு எதையோ வாங்க வருகிறார்கள். வந்த இடத்தில் தங்களுக்கும் கேட்கிறார்கள்: "நேத்துலேர்ந்து காய்ச்சலா இருக்குண்ணே, ரெண்டு வேளைக்கு ஒரு செட்டு குடுங்க." ஒரு பாரசிட்டமால், ஒரு செட்ரிசின், வயிற்றெரிச்சலுக்கு ஒன்று, கூடவே அட்டையிலிருந்து கத்தரித்த ஓர் அசித்ரோமைசினோ செஃபிக்ஸிமோ. எல்லாம் சின்னக் கவருக்குள் போய்விடுகிறது. எல்லாக் கடைகளிலும் இது நடப்பதில்லை. ஆனால் இப்படியொரு பழக்கம் நம் ஊரில் இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தக் கவரில் கடைசியாகச் சேரும் ஆன்டிபயாடிக்கைப் பற்றித்தான் இந்த மடல். சட்டத்தைச் சொல்லி மிரட்ட எழுதவில்லை. சட்டம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் பல வருடம் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்தவன். அந்த மாத்திரை உள்ளே போனதும் குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்குள் என்ன நடக்கிறது என்பதை மாணவர்களுக்கு வரைந்து காட்டியவன். அந்தப் படத்தை முதலில் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள் என்று இப்போது தோன்றுகிறது.

நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவுக்கு ஒரே ஒரு பெரிய குரோமோசோம். அதில் ஏறக்குறைய 46 லட்சம் கார இணைகள், அதாவது டி.என்.ஏ. எழுத்து ஜோடிகள். அந்தக் குரோமோசோமைத் தவிர, செல்லுக்குள் தனியாகச் சின்னச் சின்ன டி.என்.ஏ. வளையங்களும் இருக்கலாம். அவற்றுக்கு பிளாஸ்மிட் என்று 1952இல் பெயர் வைத்தவர் ஜோஷுவா லெடர்பர்க். பெரிய பிளாஸ்மிட்கள் லட்சத்துக்கும் மேற்பட்ட கார இணைகள் கொண்டவை. சின்னவை சில ஆயிரங்களில் முடிந்துவிடும். என் மனதை வருடக்கணக்கில் பிடித்து வைத்திருப்பவை இந்தச் சின்னவைதான்.

உலகத்தின் எல்லா ஆய்வகங்களும் அறிந்த ஒரு சின்ன வளையத்தைச் சொல்கிறேன்: பி.பி.ஆர். 322. பிரான்சிஸ்கோ பொலிவாரும் ரேமண்ட் ரோட்ரிகஸும் 1977இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவாக்கியது. பெயரில் இருக்கும் 'பி.ஆர்.' அவர்கள் இருவரின் முதலெழுத்து. மொத்த நீளம் 4,361 கார இணைகள். குரோமோசோமோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் ஆம்பிசிலினை உடைக்கும் நொதிக்கு ஒரு மரபணு, டெட்ராசைக்ளினை வெளியே தள்ளும் புரதத்துக்கு ஒரு மரபணு, நகலெடுப்பு தொடங்கும் ஓரிடம், அந்த நகலெடுப்பை மட்டுப்படுத்தும் ரோப் என்ற குட்டிப் புரதத்துக்கு ஒரு மரபணு. இயற்கையில் வேறு வேறு வளையங்களிலும் தாவும் மரபணுக்களிலும் கிடந்த துண்டுகளை எடுத்து ஒட்டி இதைச் செய்தார்கள். உங்கள் ஃபிரிட்ஜில் ஹியூமன் இன்சுலின் வயல்கள் இருக்கின்றன அல்லவா? 1978இல் மனித இன்சுலினை முதன்முதலாக ஈ. கோலைக்குள் செய்துகாட்டியபோது, அதன் மரபணுவைச் சுமந்தது இந்த வளையத்தை அடிப்படையாகக் கொண்ட பிளாஸ்மிட்தான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 1980களில் உயிர்த்தொழில்நுட்ப முதுகலைப் படிப்பு வந்தது முதல், பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுத்து ஜெல்லில் ஓடவிட்டுப் பார்ப்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பழகிய வேலையாகிவிட்டது. இந்த வளையம் மனிதனுக்கு எதிரி என்று நான் சொல்ல வரவில்லை. கையில் எடுத்தவர்களுக்கு இது மருந்தும் தந்திருக்கிறது.

இனி, இது தன்னைத் தானே எப்படிப் பெருக்கிக்கொள்கிறது என்று பாருங்கள். இதே முறையில் நகலெடுக்கும் கோல் ஈ1 என்ற இயற்கையான சிறு பிளாஸ்மிட்டை வைத்து ஜப்பானிய விஞ்ஞானி ஜுன்-இச்சி தொமிஸாவா 1980களின் தொடக்கத்தில் இதைத் துலக்கினார். நகலெடுப்பு தொடங்கும் இடத்துக்குச் சுமார் 555 எழுத்துகள் முன்னாலிருந்து ஓர் ஆர்.என்.ஏ. எழுதப்படுகிறது. அதற்கு ஆர்.என்.ஏ. 2 என்று பெயர். அது தொடக்க இடத்தருகே டி.என்.ஏ. இழையோடு ஒட்டிக்கொள்ளும். பாக்டீரியாவின் நொதி ஒன்று வந்து அதைச் சரியான இடத்தில் நறுக்கும். நறுக்கிய முனையைப் பிடித்துக்கொண்டு பாக்டீரியாவின் டி.என்.ஏ. பாலிமரேஸ் புது இழையைக் கட்டத் தொடங்கிவிடும். இதில் வளையம் கொண்டுவந்த புரதம் ஒன்றுகூட இல்லை. நொதிகள் அத்தனையும் வீட்டுக்காரருடையவை.

அப்படியானால் இது ஏன் கட்டுக்கடங்காமல் பெருகிச் செல்லையே நிரப்பிவிடுவதில்லை? அதே இடத்தில், எதிர் இழையிலிருந்து இன்னோர் ஆர்.என்.ஏ. எழுதப்படுகிறது. 108 எழுத்து நீளம்தான். இது ஆர்.என்.ஏ. 1. முதலாவதின் தலைப்பகுதிக்கு இது எழுத்துக்கு எழுத்து இணை. இரண்டும் சந்தித்துப் பிணைந்தால் ஆர்.என்.ஏ. 2 வேறு விதமாக மடங்கிப்போகும், டி.என்.ஏ.வோடு ஒட்டாது, நகலெடுப்பு நடக்காது. ரோப் புரதம் அந்தப் பிணைப்பை இறுக்கிக் கொடுக்கும். செல்லுக்குள் வளையங்கள் கூடினால் ஆர்.என்.ஏ. 1உம் கூடும், நகலெடுப்பு குறையும். வளையங்கள் குறைந்தால், சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடுகிற ஆர்.என்.ஏ. 1இன் அளவும் உடனே விழும், நகலெடுப்பு ஏறும். இப்படி ஒரு செல்லுக்கு 15, 20 நகல் என்ற அளவில் அது தன்னை நிறுத்திக்கொள்கிறது. மூளையோ நரம்போ இல்லாத, 6,646 கார இணைகளே உள்ள கோல் ஈ1 மூலக்கூறு தன் தலைகளைத் தானே எண்ணிக்கொள்கிறது. இதைக் கற்பிக்கும் ஒவ்வொரு வருடமும் நான் மலைத்திருக்கிறேன். ரோப் மரபணுவை நீக்கி, ஆர்.என்.ஏ. 2க்கான இடத்தில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினால் கணக்கு உடைந்துபோகும். ஆய்வகங்களில் இன்று அதிகம் பயன்படும் பி.யூ.சி. வகைப் பிளாஸ்மிட்கள் ஒரு செல்லுக்கு ஐந்நூறுக்கும் மேல் இருப்பது அதனால்தான்.

மருந்தோடு பழகுகிறவர்கள் என்பதால் ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். குளோராம்ஃபெனிகால் பாக்டீரியாவின் புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்து. குரோமோசோம் ஒவ்வொரு முறை நகலெடுக்கத் தொடங்கவும் புதுப் புரதம் வேண்டும். அதனால் இந்த மருந்தில் குரோமோசோம் வேலை நின்றுவிடும். கோல் ஈ1 வளையத்துக்கோ புதுப் புரதம் எதுவும் தேவையில்லை, ஏற்கெனவே இருக்கும் நொதிகளே போதும். செல் மருந்தால் முடங்கிக் கிடக்கும்போது வளையம் மட்டும் மணிக்கணக்கில் நகலெடுத்துக்கொண்டே போய் ஆயிரத்தைத் தாண்டிவிடும். டான் கிளெவெல் 1972இல் இதைக் காட்டினார். பிளாஸ்மிட்டை அதிகமாகப் பிரித்தெடுக்க வேண்டிய ஆய்வகங்கள் பிறகு வெகுகாலம் இதையே ஒரு வழியாகக் கடைப்பிடித்தன.

அதே 1972இல் அதே குளோராம்ஃபெனிகால் நமக்குப் பக்கத்திலேயே தோற்றது. கோழிக்கோட்டில் டைபாய்டு நோயாளிகளிடம், குளோராம்ஃபெனிகாலுக்கு மசியாத கிருமி கிடைத்தது. சி.கே.ஜே. பணிக்கரும் கே.என். விமலாவும் அதை 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அந்த எதிர்ப்பாற்றல் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியது என்பதுதான் அவர்கள் சொன்ன செய்தி. அன்றைக்கு டைபாய்டு என்றாலே டாக்டர்கள் எழுதியது குளோராம்ஃபெனிகால்தான். இன்று உங்கள் தட்டுகளில் அது எவ்வளவு இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அசித்ரோமைசினுக்கு வருகிறேன். செட்டில் அதிகம் சேர்வது அதுதானே. தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவில் வேறு வகைச் சின்ன வளையங்கள் உண்டு. அவை நகலெடுக்கும் முறையும் வேறு. வளையம் கொண்டுவரும் ரெப் என்ற புரதம் இரண்டு இழைகளில் ஒன்றைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும். வெட்டிய ஒரு முனையில் புது இழை வளர வளர, பழைய இழை, தையல்காரர் இழுக்க இழுக்க உருளையிலிருந்து கழன்று வரும் நூலைப் போல, கழன்றுகொண்டே வரும். ஒரு சுற்று முடிந்ததும் கழன்ற இழையின் இரு முனைகளும் சேர்ந்து தனி வளையமாகும். பிறகு அதற்கு எதிர் இழை கட்டப்படும். உருள்வட்ட முறை என்று இதற்குப் பெயர்.

இந்த வகையில் பி.இ. 194 என்று ஒரு பிளாஸ்மிட். சுமார் 3,700 கார இணைகள். அதில் இருக்கும் எர்ம்-சி என்ற மரபணு, பாக்டீரியாவின் ரைபோசோமில் எரித்ரோமைசின் உட்காரும் இடத்தில் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டும் நொதியைச் செய்யும். மருந்துக்கு உட்கார இடமில்லாமல் போகும். அசித்ரோமைசினும் அதே இடத்தில் உட்காரும் மருந்துதான், ஆக அதுவும் தோற்கும். நீங்கள் நின்று யோசிக்க வேண்டியது இதற்கு அடுத்தது. இந்த மரபணு எந்நேரமும் வேலை செய்வதில்லை. அதன் தூது ஆர்.என்.ஏ. மடிந்து, நொதிக்கான தொடக்கத்தைத் தனக்குள் ஒளித்து வைத்திருக்கும். எரித்ரோமைசின் கொஞ்சமாக உள்ளே வந்தால், முன்னால் இருக்கும் ஒரு குட்டிப் பகுதியை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் ரைபோசோம் மருந்தால் பாதியில் நிற்கும். அது நின்ற இடத்தில் மடிப்பு பிரியும். ஒளிந்திருந்த தொடக்கம் வெளியே வரும், நொதி உருவாகத் தொடங்கும். கொல்லுமளவுக்கு இல்லாமல் கொஞ்சமாக வரும் மருந்துதான் பாக்டீரியாவைக் காக்கும் மரபணுவை எழுப்புகிறது. ரெண்டு வேளை மருந்து என்பது என்னை ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

"பாக்டீரியா பிரியும்போது வளையம் தொலைந்துபோகாதா, சார்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. இருபது நகல்கள் இருக்கும் செல் இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொரு நகலும் ஏதோ ஒரு பக்கம் விழும். இருபதும் ஒரே பக்கம் விழுந்து மறுபக்கம் வெறுமையாக நிற்க, ஐந்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் உண்டு. சில நேரம் இரண்டு வளையங்கள் சேர்ந்து ஒரே பெரிய வளையமாகிவிடும், அப்போது எண்ணிக்கை குறைந்து தொலைந்துபோகும் வாய்ப்பு கூடும். கோல் ஈ1 அதற்கும் வழி வைத்திருக்கிறது. செர் என்ற சின்னப் பகுதியைப் பிடித்து, பாக்டீரியாவின் இரண்டு நொதிகள் ஒட்டிக்கொண்டவற்றை மறுபடி தனித்தனியாகப் பிரித்துவிடும்.

வளையம் ஊர்விட்டு ஊரும் போகும். பெரிய பிளாஸ்மிட்கள் இரண்டு பாக்டீரியாக்களை இணைக்கும் குழாயைத் தாமே கட்டிக்கொள்ளும். பல சின்ன வளையங்களில் அதற்கு இடமில்லை. ஆனாலும் தன் இழையை வெட்டிக் கொடுக்கும் ஒரு மரபணுவும், வெட்ட வேண்டிய ஒரு புள்ளியும் இருந்தால் போதும். பக்கத்தில் ஒரு பெரிய பிளாஸ்மிட் கட்டிய குழாயிலேயே சின்னதும் கடந்து போய்விடும். சிப்ரோஃப்ளாக்சசினின் வேகத்தைக் குறைக்கும் கியூ.என்.ஆர். வகை மரபணுவைச் சுமந்துகொண்டு, 2,700 கார இணைகளே உள்ள வளையங்கள் தென் அமெரிக்காவில் நலமாக இருந்த குழந்தைகளின் குடலிலேயே கிடைத்திருக்கின்றன. நோயாளிகளிடமிருந்து அல்ல, நலமாக இருந்த குழந்தைகளிடமிருந்து.

என்.டி.எம்-1 பற்றிப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். 2010இல் 'லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்' இதழில் வந்த அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. மெரோபெனம் போன்ற கடைசிக்கட்ட ஊசிகளை உடைக்கும் அந்த மரபணுவோடு சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மற்ற இடங்களில் 73 பாக்டீரியா மாதிரிகள் கிடைத்ததாக அது சொன்னது. பெரும்பாலானவற்றில் அந்த மரபணு பிளாஸ்மிட்டில்தான் இருந்தது. அவை பெரிய வகைப் பிளாஸ்மிட்கள். பெயரின் 'என்.டி.'யில் நியூ டெல்லி இருந்ததால் நாடே கொதித்தது. அந்தக் கோபத்தில் கட்டுரை சொன்ன விஷயம் பின்னால் போய்விட்டது என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. மறு வருடமே டெல்லித் தெருக்களில் தேங்கிய நீரில் எடுத்த 171 மாதிரிகளில் 51இலும், 50 குழாய்நீர் மாதிரிகளில் 2இலும் அந்த மரபணு இருந்ததாக இன்னோர் ஆய்வு வந்தது. 2012இல் இந்திய மருத்துவர்கள் கூடி, ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கு வழிவகை சொன்ன அறிக்கைக்குச் 'சென்னைப் பிரகடனம்' என்றே பெயர். அதன்பின் 2013இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்ததுதான் உங்களுக்குத் தெரிந்த எச்1 அட்டவணை. செஃபிக்ஸிம், லீவோஃப்ளாக்சசின், மெரோபெனம் எல்லாம் அதில் உண்டு. எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னது ஒரு விஷயத்துக்காக. வைரஸ் காய்ச்சலுக்கு வந்தவருக்கு நீங்கள் கொடுக்கும் செஃபிக்ஸிம் அந்த வைரஸைத் தொடாது. ஆனால் அவர் குடலில் இருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்களைத் தொடும். அவற்றில் பெரும்பாலானவை அவருக்கு ஒரு கெடுதலும் செய்யாதவை. மருந்து அவற்றில் பலவற்றைக் கொல்லும். செஃபிக்ஸிமை உடைக்கும் மரபணுவைப் பிளாஸ்மிட்டில் வைத்திருந்தவை மிஞ்சும், காலியான இடத்தில் அவை பெருகும். பிளாஸ்மிட்டைச் சுமப்பது பாக்டீரியாவுக்குச் செலவு. மருந்தே வராத இடத்தில், சுமக்காத பாக்டீரியா கொஞ்சம் வேகமாக வளர்ந்து மெல்ல முந்திவிடலாம். ஆனால் சின்ன வளையத்தில் அந்தச் செலவு குறைவு. போதாக்குறைக்கு, செலவைக் குறைக்கும் மாற்றங்களும் சீக்கிரமே பாக்டீரியாவில் வந்துவிடுகின்றன. அதனால் ஒருமுறை பரவியதை அப்புறம் மருந்தை நிறுத்தி விரட்டிவிடலாம் என்று இருக்க முடியாது. பரவவிடாமல் இருப்பதுதான் நம் கையில் இருக்கிறது. காய்ச்சல் போய்விடும், அவரும் உங்களை நல்லவர் என்று நினைத்துக்கொண்டு ஊருக்குப் போவார். அவர் குடலில் பெருகியது அவரோடு போகும், அவர் வீட்டுக் குழந்தைக்கும் போகும். அந்தக் குழந்தைக்கு நாளை சிறுநீரகத் தொற்றோ ரத்தத்தில் தொற்றோ வந்தால், சாலைக்கு அந்தப் பக்கம் வார்டில் கல்ச்சர் ரிப்போர்ட்டில், மருந்து வேலை செய்யாது என்பதற்கான 'ஆர்' என்ற எழுத்து வரிசையாக வரும். பிறகு ஊசி வாங்க அவர்கள் உங்களிடம்தான் ஓடி வருவார்கள்.

உங்கள் நிலைமையும் எனக்குத் தெரியாமல் இல்லை. "ஒரு மாத்திரை இல்லேன்னா பக்கத்துக் கடையில குடுப்பான்" என்பதும், முதலாளி மாலையில் கணக்குக் கேட்பார் என்பதும், "டாக்டருக்குக் குடுக்க முந்நூறு ரூபாய் இல்லண்ணே" என்று ஒரு முதியவர் சொன்னால் மனசு இளகும் என்பதும் உண்மை. முதல் இரண்டுக்கும் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே முடிவாக எடுத்தால்தான் வழி பிறக்கும். கடை முதலாளிகளும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். அவர்களை நேராகவே கேட்கிறேன்: செட்டில் ஆன்டிபயாடிக் இல்லை என்று ஒரே தெருவில் எல்லோரும் சொன்னால் யாருடைய வியாபாரமும் போகாது. மூன்றாவதுக்கு, பல மருந்துக்கடைகளுக்குக் கிடைக்காத வசதி உங்களுக்கு இருக்கிறது. உங்கள் பக்கத்திலேயே, காசு வாங்காமல் பார்த்து மருந்தும் கொடுக்கிற பெரியாஸ்பத்திரி ஓ.பி. இருக்கிறது. இரவில் அவசரப் பிரிவு திறந்திருக்கிறது. ஒரு கிராமத்துக் கடைக்காரர் "டாக்டர் இருபது கிலோமீட்டர் தள்ளி" என்று சொல்லலாம். பனகல் சாலையில் அப்படிச் சொல்ல முடியாது.

பாரசிட்டமால் கொடுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். மூச்சுத் திணறல், வாந்தி நிற்காதது, மூன்று நாளாகியும் விடாத காய்ச்சல், கைக்குழந்தையின் காய்ச்சல் என்றால் மாத்திரை பேச்சே எடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். டாக்டர் சீட்டு எழுதியிருந்தால் அவர் எழுதிய நாட்களுக்கு முழுசாகக் கொடுங்கள், பாதி அட்டை கேட்பவரிடம் ஏன் முழுசும் வேண்டும் என்று ஒரு வாக்கியம் பேசுங்கள். எச்1 பதிவேட்டை மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பாதீர்கள், கொடுக்கும்போதே எழுதுங்கள். சிவப்புக் கோடு போட்ட அட்டை கைக்கு வரும்போது, கத்தரிக்கோலை எடுக்குமுன் சீட்டைக் கேளுங்கள்.

இன்னொரு காரியம், செலவில்லாதது. ஓ.பி. சீட்டு எங்கே போடுவார்கள், எத்தனை மணிக்கு, காய்ச்சலுக்கு எந்த அறை என்று விசாரித்து, கொட்டை எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கவுன்ட்டர் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். செட்டு கேட்டு வருகிறவரிடம் அந்தத் தாளைக் காட்டினால் போதும்.

அன்புடன்,
கோரிப்பாளையத்தில் குடியிருக்கும் ஒரு நுண்ணுயிரியல் ஆசிரியர்